புதிய பதிவகங்களுக்கு ஐகானில் எத்தனை குரல்? .இலங்கை முதல் .திருகோணமலை வரை

கிண்ணியா வாசகர் | 2026 ஜனவரி 9

இணைய முகவரியின் கடைசிப் பகுதியான மேல்நிலைப் பெயர்களை (.காம், .இலங்கை போன்றவை) புதிதாகக் கேட்டு விண்ணப்பிக்கும் சுற்று ஏப்ரல் 30 இல் திறக்கிறது. அப்படி ஒரு பெயரை நடத்த உள்ளே வரும் புதுப் பதிவகங்களுக்குக் குரல் இல்லை என்று இங்கே அடிக்கடி எழுதுகிறீர்கள். இணையப் பெயர்களை உலகளவில் ஒழுங்குபடுத்தும் ஐகானில், நாட்டுப் பெயரல்லாத பொதுப் பெயர்களுக்குக் கொள்கை வகுக்கும் ஜீஎன்எஸ்ஓ சபையில் பாதி ஆசனம் பதிவகங்களுக்குத்தானே? பிறகென்ன குறை?

உப்புவெளி | 2026 ஜனவரி 9

பாதி இல்லை தம்பி. சபையில் வாக்குள்ளவர்கள் 20 பேர். அவர்களில் பதிவகங்களின் ஆட்கள் 3 பேர் மட்டுமே.

சபை இரண்டு அவைகளாகப் பிரிந்து வாக்களிக்கிறது. ஐகானுடன் ஒப்பந்தம் செய்தவர்களின் அவையில் 7 வாக்கு: பதிவகங்களுக்கு 3, பெயர்களை மக்களுக்கு விற்கும் பதிவு முகவர்களுக்கு 3, ஐகானின் நியமனக் குழு அனுப்பும் ஒருவர். ஒப்பந்தம் இல்லாதவர்களின் அவையில் 13 வாக்கு: வணிகத் தரப்புக்கு 6, வணிகமல்லாத தரப்புக்கு 6, நியமனக் குழுவின் ஒருவர். இவர்களைத் தவிர வாக்கில்லாத நியமன உறுப்பினர் ஒருவரும் உண்டு. இந்த அமைப்பு 2009 இல் வந்தது.

நீங்கள் சொன்ன பாதி எங்கிருந்து வந்தது என்று விளங்குகிறது. இரண்டு அவையும் தனித்தனியே பெரும்பான்மை தந்தால்தான் சாதாரணத் தீர்மானம் ஒன்று நிறைவேறும். அதனால் 7 பேர் அவைக்கு 13 பேர் அவையின் அதே பாரம். ஆனால் அந்த 7 பேரின் அவை முழுக்கப் பதிவகங்களுடையது அல்ல.

உப்புவெளி | 2026 ஜனவரி 10

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். "3 பேர் மட்டுமே" என்று நிறுத்தியது போதாது. அந்த மூவரும் ஒற்றுமையாக நின்றால் எதைத் தடுக்கலாம், எதைத் தடுக்க முடியாது என்பதைக் கணக்காகவே பார்க்க வேண்டும்.

எல்லாப் பதிவகங்களையும் ஒப்பந்தப்படி கட்டுப்படுத்தும் கொள்கை ஒன்று வருவதற்குச் சபையின் மிகைப்பெரும்பான்மை தேவை. அதற்கு இரண்டு வழி. ஒன்று, ஒவ்வொரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு. 7 இல் அது 5, 13 இல் 9. பதிவகங்களின் மூவரும் எதிர்த்தால் அந்த அவையில் மிஞ்சுவது 4 பேர், ஆகவே இந்த வழி அடைபடும்.

மற்ற வழி, ஓர் அவையில் நான்கில் மூன்று பங்கும் மற்றதில் வெறும் பெரும்பான்மையும். 13 பேர் அவையில் 10 பேரும், 7 பேர் அவையில் பதிவு முகவர் மூவரோடு நியமன உறுப்பினரும் சேர்ந்தால் 4 ஆகிவிடும். பதிவகங்கள் ஒன்றுகூடச் சம்மதிக்காமலே அவற்றைக் கட்டுப்படுத்தும் கொள்கை வர முடியும் என்பதுதான் இதன் பொருள். எந்தெந்த விடயத்தில் இப்படிக் கொள்கை செய்யலாம் என்று ஒப்பந்தத்திலேயே வேலி போட்டிருக்கிறார்கள் என்பதால் விலை நிர்ணயம் போன்றவை அதற்குள் வராது. வேலிக்குள் இருக்கும் விடயங்களே நிறைய.

ஐகானின் பணிப்பாளர் சபையில் வாக்குள்ளவர்கள் 16 பேர். ஜீஎன்எஸ்ஓ அனுப்புவது இருவரை, அவைக்கு ஒருவராக. ஆகப் பதிவகங்களும் பதிவு முகவர்களும் சேர்ந்து தெரிவு செய்வது 16 இல் ஒருவரை. அந்த ஒருவரைத் தெரிவு செய்யும் இடத்தில், போன மாதம் ஒப்பந்தம் போட்ட சிறு பதிவகம் ஒன்றின் எடை எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

மூதூர் | 2026 ஜனவரி 10

நமக்கு .இலங்கை இருக்கிறதே. அது எந்த அவையில் வருகிறது?

உப்புவெளி | 2026 ஜனவரி 10

எதிலும் இல்லை. .இலங்கை நாட்டுப் பெயர். நாட்டுப் பெயர்களுக்குத் தனி அமைப்பு, சிசிஎன்எஸ்ஓ. அதன் சபையில் 18 பேர்: ஐந்து உலகப் பிராந்தியங்களிலிருந்து மூவர் வீதம் 15, நியமனக் குழுவின் 3.

.இலங்கையும் சிங்கள எழுத்தில் .ලංකාවும் 2010 இல் வேர் வலயத்துக்குள், அதாவது எல்லா மேல்நிலைப் பெயர்களின் மூலப் பட்டியலுக்குள் வந்தன. ஆனால் சிசிஎன்எஸ்ஓவின் விதியில் உறுப்பினர் என்பது நாடுகளின் ஐஎஸ்ஓ பட்டியலிலுள்ள இரண்டெழுத்துக் குறியை (நமக்கு .எல்கே) நடத்துபவர். தமிழ் எழுத்தில் வந்த பெயரை நடத்துபவர் அந்த வரைவிலக்கணத்துக்குள் இல்லை. யாப்பைத் திருத்தி உள்ளூர் எழுத்துப் பெயர்களின் நடத்துநர்களையும் சேர்த்தது 2022 இல். பன்னிரண்டு வருடம் .இலங்கைக்கு வாக்கில்லை.

மூதூர் | 2026 ஜனவரி 11

அண்ணன், கடைசி வரி சரியா? .எல்கேயையும் .இலங்கையையும் நடத்துவது ஒரே பதிவகம். .எல்கே வழியாகச் சேரும் உரிமை அவர்களுக்கு முன்பே இருந்ததே.

உப்புவெளி | 2026 ஜனவரி 11

நீங்கள் சொல்வதுதான் சரி, அந்த வரியைத் திருத்துகிறேன். இலங்கையைப் பொறுத்தவரை அடைபட்டது பெயரின் கதவு, நடத்துநரின் கதவு அல்ல. உண்மையில் வெளியே நின்றவர்கள் இரண்டு பெயரையும் வெவ்வேறு நிறுவனம் நடத்தும் நாட்டார். உக்ரைனில் .யூஏ ஒருவரிடம், .укр இன்னொருவரிடம். அந்த இரண்டாமவருக்கு 2022 வரை சிசிஎன்எஸ்ஓவில் இடமில்லை.

திருத்தம் வந்தபோதும் பெயருக்கு ஒரு வாக்கு என்று கொடுக்கவில்லை. ஒரு நாட்டிலிருந்து எத்தனை உறுப்பினர் சேர்ந்தாலும் அவர்கள் தங்களுக்குள் ஒரு பேராளரை நியமித்து ஒரே வாக்குப் போட வேண்டும். இந்தியாவிடம் உள்ளூர் எழுத்துகளில் பதினைந்து பெயர் இருக்கிறது. பெயருக்கு ஒரு வாக்கு என்றால் இந்தியா .இன் உடன் சேர்த்து 16 வாக்குப் போடும், நாம் 3 போடுவோம், ஒரே பெயருள்ள மாலைதீவு 1 போடும். நாட்டுக்கு ஒன்று என்று வைத்தது நியாயம் என்றே நினைக்கிறேன். பொதுப் பெயர்களின் பக்கம் இதே கேள்வியை இவ்வளவு எளிதாகத் தீர்க்க முடியவில்லை. அங்கே நாடு என்ற அலகே கிடையாது.

கிண்ணியா வாசகர் | 2026 ஜனவரி 13

அப்படியானால் அங்கே எதை எண்ணுவது? பெயரையா, கம்பனியையா?

உப்புவெளி | 2026 ஜனவரி 14

கரைவலை இறக்கும் முறைவரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கரையில் பத்துக் குடும்பம். ஒரு சம்மாட்டியிடம் ஆறு வள்ளம், மற்ற ஒன்பது குடும்பத்திடம் ஒவ்வொன்று. எந்த நாள் யாருடைய வலை இறங்குவது என்று சங்கத்தில் முடிவெடுக்கிறார்கள். வள்ளத்துக்கு ஒரு வாக்கு என்றால் சம்மாட்டி இருவரைப் பிடித்தால் போதும், 15 இல் 8. பிடித்த மீனின் நிறைக்கு ஏற்ப என்றால் கூட்டமே தேவையில்லை. குடும்பத்துக்கு ஒன்று என்றால் அவருக்கும் ஒன்றுதான், ஆனால் ஆறு வள்ளத்தின் செலவும் கூலியாட்களும் தன் தலையில் என்று அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

முந்திய சுற்றான 2012 இன் எண்களை இதில் வைத்துப் பாருங்கள். மொத்த விண்ணப்பம் 1,930. டோனட்ஸ் என்ற பதிவக நிறுவனம் மட்டும் 307, கூகுள் 101, அமேசான் 76. இந்த மூன்றும் சேர்ந்து 484, நாலில் ஒன்று. டோனட்ஸ் பிறகு ரைட்சைட், அஃபிலியாஸ் என்ற வேறு இரண்டு பதிவக நிறுவனங்களையும் வாங்கி இப்போது ஐடென்டிட்டி டிஜிட்டல் என்ற பெயரில் இருக்கிறது. பெயருக்கு ஒரு வாக்கு என்ற எந்த ஏற்பாடும் நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கும்போது தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

ஆகவே என் நிலைப்பாடு: எண்ண வேண்டிய அலகு இறுதி உடைமையாளர். ஒரே உடைமையின் கீழ் எத்தனை பெயர், எத்தனை துணைக் கம்பனி இருந்தாலும் ஒரு வாக்கு. இதை நடைமுறைப்படுத்தும் இடம், ஜீஎன்எஸ்ஓவில் பதிவகங்கள் சேர்ந்திருக்கும் பதிவகக் குழுவின் சாசனம். குழு அதைத் திருத்தலாம், பணிப்பாளர் சபை அங்கீகரிக்க வேண்டும்.

உப்புவெளி | 2026 ஜனவரி 14, இரவு

பிராந்தியக் கணக்கை விட்டுவிட்டேன். அந்த 1,930 இல் வட அமெரிக்கா 911, ஐரோப்பா 675, ஆசிய பசிபிக் 303, இலத்தீன் அமெரிக்கா 24, ஆபிரிக்கா 17. உடைமையாளருக்கு ஒன்று என்று எண்ணினாலும் இந்தச் சாய்வு போகாது. வாக்கை எப்படிப் பங்கிட்டாலும் விண்ணப்பிக்கவே வராதவருக்கு அது போய்ச் சேராது.

வராததற்குக் காரணம் பணம். 2012 இல் விண்ணப்பக் கட்டணம் 185,000 டொலர். வசதி குறைந்தவர்களுக்கு அதை 47,000 ஆக்கும் உதவித் திட்டம் இருந்தது. அதற்கு விண்ணப்பித்தவர்கள் மூவர், தேறியது ஒருவர், .கிட்ஸ் கேட்டவர். அந்தப் பெயர் வேர் வலயத்துக்கு வந்தது 2022 இல்.

இந்தச் சுற்றில் கட்டணம் 227,000 டொலர். தகுதி பெற்றவர்களுக்கு 75 முதல் 85 வீதம் கழிவு. 85 வீதம் கிடைத்தால் கட்ட வேண்டியது 34,050, 75 வீதமென்றால் 56,750. அந்த உதவிக்கு விண்ணப்பிக்கும் காலம் 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது. இனி வருபவர் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும்.

மூதூர் | 2026 ஜனவரி 17

கட்டணம் கட்டிய நாளிலிருந்து ஒப்பந்தம் போடும் நாள் வரை அந்த விண்ணப்பதாரர் யார்? உறுப்பினரா, பார்வையாளரா?

உப்புவெளி | 2026 ஜனவரி 18

இந்த விவாதத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான்.

பதிவகக் குழுவில் வாக்குள்ள உறுப்பினராக ஐகானுடன் ஒப்பந்தம் இருக்க வேண்டும். 2012 இல் விண்ணப்பதாரர்கள் பதிவகக் குழுவுக்குள்ளேயே தங்களுக்கென ஒரு நலன்சார் குழு அமைத்துக்கொண்டார்கள். பேசலாம், அறிக்கை எழுதலாம், வாக்கு இல்லை.

அந்த இடைக்காலத்தில் நடந்ததைப் பாருங்கள். விண்ணப்ப வாசல் 2012 மே 30 இல் மூடியது. அவர்கள் கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தத்தின் இறுதி வாசகம் அங்கீகரிக்கப்பட்டது 2013 ஜூலை 2 இல். பதிவகங்கள்மீது மேலதிகக் கடமைகளை வைக்கும், பொதுநல உறுதிமொழிகள் என்ற புதுப் பகுதி பணம் கட்டிய பிறகு உள்ளே வந்தது. அதன் பிறகு பெயர் மோதல் பிரச்சினை: அலுவலக உள்வலைகளில் ஏற்கெனவே புழங்கும் பெயர்கள் வேர் வலயத்துக்கு வந்தால் கடிதங்களும் கடவுச்சொற்களும் வழிமாறும் என்ற அச்சம். .ஹோம், .கோர்ப், .மெயில் மூன்றையும் நிறுத்தி வைத்தார்கள். அவற்றைத் தர முடியாது என்று பணிப்பாளர் சபை முடிவு சொன்னது 2018 பெப்ரவரியில். கிட்டத்தட்ட ஆறு வருடம் பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு எந்த வாக்கெடுப்பிலும் இடமிருக்கவில்லை.

பெயர் மோதல் விடயத்தில் எடுத்த முடிவு பிழை என்று சொல்ல வரவில்லை. தொழில்நுட்பக் காரணம் வலுவானது. பாதிக்கப்படுபவர் முடிவெடுக்கும் மேசையில் இல்லை என்பதே குறை.

கிண்ணியா வாசகர் | 2026 ஜனவரி 18

அப்போ விண்ணப்பித்தவுடன் வாக்குக் கொடுத்துவிட வேண்டியதுதானே?

உப்புவெளி | 2026 ஜனவரி 21

மூன்று நாள் இதை யோசித்தேன். முதலில் ஆம் என்றுதான் எழுத நினைத்தேன். இப்போது இல்லை என்கிறேன்.

2012 இல் வந்த விண்ணப்பங்களில் அறுநூறுக்கு மேற்பட்டவை திரும்பப் பெறப்பட்டன. ஒரே பெயருக்குப் பலர் போட்டி, ஒருவர் மற்றவருக்குப் பணம் கொடுத்து விலகச் செய்வது, ஏலம் எல்லாம் நடந்தன. விண்ணப்பமே வாக்கு என்றால் 227,000 டொலருக்கு ஒரு வாக்கு விலைக்கு வருகிறது. பணமுள்ளவர் பத்துப் பெயருக்குப் போட்டு, விதியை வளைத்துவிட்டு, ஒன்பதிலிருந்து விலகிப் பணத்தில் ஒரு பங்கைத் திரும்பவும் பெறுவார்.

எனக்குச் சரியெனப் படுவது வேறு. வாக்கு ஒப்பந்தத்தோடுதான் வரட்டும். ஆனால் விண்ணப்ப வாசல் மூடிய பிறகு வரும் எந்த விதி மாற்றத்துக்கும் விண்ணப்பதாரர் குழுவின் எழுத்து மூல ஆட்சேபத்துக்கு வரிக்கு வரி பதில் சொல்லும் கடமை ஐகானுக்கு இருக்க வேண்டும். பதில் வரும்வரை அந்த மாற்றம் நிற்க வேண்டும். ஒப்பந்த வாசகம் மாறினால் முழுக் கட்டணத்தோடு விலகும் உரிமையும் வேண்டும்.

உப்புவெளி | 2026 ஜனவரி 22

ஒப்பந்தத்துக்குப் பிறகும் சிறியவர் எப்படி நசுங்குகிறார் என்பதற்கு ஒரு கணக்கு. 2012 சுற்றின் ஒப்பந்தம் வந்தபோது அதில் ஐகானுக்கு நிலையான கட்டணம் காலாண்டுக்கு 6,250 டொலராக, வருடம் 25,000 ஆக இருந்தது. பதிவுகள் 50,000 ஐத் தாண்டிய பிறகே பதிவு ஒன்றுக்கு 25 சதம் மேலதிகம். 500 பெயர் விற்ற பதிவகத்துக்கு ஐகான் கட்டணம் மட்டும் பெயருக்கு 50 டொலர். 2,500 பெயருக்கு 10 டொலர். 50,000 பெயருள்ளவருக்கு 50 சதம்.

தரக் கட்டுப்பாடு அளவு பார்த்து மாறாது. பெயரைக் கணினி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவை மாதத்தில் ஒரு நிமிடமும் விழக் கூடாது. ஒரு வாரத்தில் மொத்தம் 4 மணி நேரம் விழுந்தால் அவசரகால நடத்துநரிடம் பெயரைக் கைமாற்றும் எல்லையைத் தொட்டுவிடும். சிறு பதிவகங்களில் இது பெரும்பாலும் வன்பொருளால் வருவதல்ல. டிஎன்எஸ் தரும் பதில் போலியல்ல என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பங்களுக்குக் காலாவதித் திகதி உண்டு. மறுகையொப்பம் இடும் தானியங்கி நின்றுபோனாலும் உடனே எதுவும் தெரியாது, பழைய கையொப்பம் சில நாள் ஓடும். அது வெள்ளி இரவு காலாவதியானால் சரிபார்க்கும் வழங்கிகள் எல்லாம் அந்தப் பெயரைப் பொய் என்று நிராகரிக்கும். திங்கள் காலை அலுவலகம் திறக்கும்போது 4 மணி நேரம் எப்போதோ கடந்திருக்கும். கையொப்பத்தின் மிச்ச ஆயுளை வெளியிலிருந்து மணிக்கொரு தடவை பார்த்து, மூன்று நாளுக்குக் கீழே போனால் தொலைபேசிக்கே அழைப்பு வரும்படி வைப்பது அவசியம்.

இந்தப் பயத்தால் சிறியவர்கள் பின்தளத்தை, அதாவது பதிவகத்தை இயக்கும் கணினி வேலையை, முழுக்க ஒரு பெரிய நிறுவனத்திடம் கொடுக்கிறார்கள். தொழில்நுட்பத்துக்கு அது நல்லது. ஆனால் கூட்டத்துக்கும் அந்த நிறுவனத்தின் ஆளையே அனுப்பி வைத்தால், நூறு பெயரின் சார்பில் ஒரே வாய் பேசும். பின்தள ஒப்பந்தம் எழுதும்போதே, கொள்கைக் கூட்டங்களில் பதிவகத்தின் சார்பில் பேசும் அதிகாரம் இதில் அடங்காது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூதூர் | 2026 ஜனவரி 25

ஒரு பேச்சுக்கு, யாராவது .திருகோணமலை கேட்டால்? நம்மைக் கேட்பார்களா?

உப்புவெளி | 2026 ஜனவரி 25

ஐகானின் விண்ணப்பதாரர் கைநூலின்படி நாட்டுப் பெயர் எந்த மொழியிலும் கொடுக்கப்படாது. தலைநகரின் பெயருக்கு எந்த மொழியில் கேட்டாலும் அரசின் சம்மதக் கடிதம் வேண்டும். ஐஎஸ்ஓ 3166-2 பட்டியலிலுள்ள மாவட்ட, மாகாணப் பெயர்களுக்கும் கடிதம் வேண்டும், ஆனால் பட்டியலிலுள்ள பெயரோடு அச்சொட்டாகப் பொருந்தினால் மட்டும். திருகோணமலை மாவட்டம் அந்தப் பட்டியலில் 53 ஆம் இலக்கத்தில் இருக்கிறது, உரோமன் எழுத்தில். தமிழ் எழுத்தில் யாராவது கேட்டால் அச்சொட்டுப் பொருத்தம் என்ற வாதம் நிற்குமா என்பது சந்தேகமே.

மிஞ்சுவது நகரப் பெயர் என்ற வழி. விண்ணப்பதாரர் தானே இது நகரத்துக்கான பெயர் என்று அறிவித்து, அதிகாரபூர்வ ஆவணங்களிலும் அந்தப் பெயர் இருந்தால் கடிதம் தேவைப்படும். உல்லாசப் பயணப் பண்டக்குறி என்று எழுதிவிட்டால் தேவைப்படாமலும் போகலாம்.

கடிதம் தேவைப்பட்டாலும் மாவட்டச் செயலகமான கச்சேரியில் வாங்கும் கடிதம் போதும் என்று நினைக்க வேண்டாம். டொமைன் நிர்வாகம், தகவல் தொழில்நுட்பம், வெளிவிவகாரம் ஆகியவற்றுக்குப் பொறுப்பான அமைச்சர் அல்லது அந்தத் துறையின் உயர் அதிகாரி, அல்லது சனாதிபதி, பிரதமர் அலுவலகம் என்றுதான் கைநூல் சொல்கிறது. எல்லாம் கொழும்பு. அந்தப் பட்டியலில் ஊர் கையெழுத்திடும் இடம் இல்லை.

கிண்ணியா வாசகர் | 2026 ஜனவரி 26

திருகோணமலையா, திருக்கோணமலையா? ஒருவர் ஒன்றையும் இன்னொருவர் மற்றதையும் எடுத்தால்?

உப்புவெளி | 2026 ஜனவரி 27

நல்ல கேள்வி, எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டியது. முதலாவது யூனிக்கோடில் 10 குறியீடு, இரண்டாவது ஒரு ககரமும் புள்ளியும் கூடி 12. வேர் வலயத்துக்கான தமிழ் எழுத்து விதிகளில் இவை மாற்றுருக்கள் (ஒரே பெயரின் வேறு வடிவங்கள்) அல்ல, வெவ்வேறு பெயர்கள். தோற்ற ஒற்றுமைப் பரிசீலனையில் தடுபட்டால் உண்டு, இல்லாவிட்டால் இருவருக்கும் போகலாம்.

மாற்றுரு என்று அந்த விதிகள் ஏற்பவை கண்ணுக்கு ஒன்றாகத் தெரிபவை. ஔ என்ற ஒரே எழுத்தும், ஒ போட்டுப் பக்கத்தில் ள போட்டதும். "கௌ" என்பதைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டினாலும் திரையில் வித்தியாசம் தெரியாது, உள்ளே குறியீடு வேறு, யூனிக்கோட் இயல்பாக்கமும் அதை ஒன்றாக்காது. ஸ்ரீ கூட இரண்டு விதமாகத் தட்டலாம், ஸகரத்தால் ஒன்று, ஶகரத்தால் ஒன்று. இப்படிப்பட்ட சோடிகள் ஒரே உடைமையாளருக்கே போகும் அல்லது ஒன்று முடக்கப்படும். சில தமிழ் எழுத்துகளுக்கு மலையாள எழுத்தோடும் இந்தச் சிக்கல் உண்டு.

இந்த விதிகளை எழுதியது பிராமி வழி எழுத்துகள் ஒன்பதுக்குமான ஒரு தன்னார்வக் குழு. வேர் வலயத்தில் இன்று தமிழ் எழுத்தில் இருப்பவை .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் மூன்றும் நாட்டுப் பெயர்களே. 2012 இல் தமிழ் எழுத்தில் ஒரு பொதுப் பெயரும் வரவில்லை. வந்திருந்தால் அந்தப் பதிவகம் இப்படிப்பட்ட ஒவ்வொரு சோடியையும் தன் செலவில் விளக்க வேண்டியிருக்கும். பதிவகக் குழுவில் தமிழ் தட்டச்சுத் தெரிந்த பதிவகம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

மூதூர் | 2026 பெப்ரவரி 2

ஒப்பந்தமும் இல்லாத, 227,000 டொலரும் இல்லாத நாம் என்ன செய்யலாம்? அதைச் சொல்லுங்கள்.

உப்புவெளி | 2026 பெப்ரவரி 3

கட்டணமில்லாத வாசல்கள் இருக்கின்றன. சங்கமாக இருந்தால் பாவனையாளர் தரப்பான அட்லார்ஜில் உறுப்பு அமைப்பாகச் சேரலாம், நம் பிராந்தியத்துக்கு அதன் கிளை ஏப்ராலோ. தனியாளாகவும் சேரலாம். வணிகமல்லாத தரப்பின் ஒரு பிரிவான என்சியுசியிலும் தனியாளாகச் சேரலாம், அந்தத் தரப்புக்கு 13 பேர் அவையில் நேரடிப் பங்கு உண்டு. செயற்குழு ஒன்றில் சேர முதலில் நலன் வெளிப்படுத்தல் படிவம் நிரப்ப வேண்டும்: தொழில், யாரிடம் சம்பளம், எந்தப் பதிவகத்தோடு தொடர்பு.

வரைவுகளுக்குக் கருத்துச் சொல்ல வழக்கமாக 40 நாள். ஆங்கிலத்தில் அரைப் பக்கம் போதும். "நியாயமில்லை" என்று மட்டும் எழுதினால் தொகுப்பறிக்கையில் ஒரு வரியாகப் போய்விடும். எந்தப் பிரிவு, எந்த வாசகம், அதற்குப் பதில் எந்த வாசகம் என்று மூன்றையும் எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும். நகரப் பெயர் விடயத்தை இந்த வடிவில் எழுத நான் தயார், மூதூரும் கிண்ணியாவும் சேர்ந்து படித்துத் திருத்தித் தந்தால்.

ஐகானின் 85 ஆவது கூட்டம் மார்ச் 7 முதல் 12 வரை மும்பையில். தொலைவிலிருந்து சேரப் பதிவு இலவசம். அமெரிக்க, ஐரோப்பியக் கூட்டங்களுக்கு நடுச்சாமம் வரை விழித்திருக்க வேண்டும். மும்பை நேரமும் நம் நேரமும் ஒன்றுதான், காலை ஒன்பது மணி அமர்வு இங்கேயும் காலை ஒன்பது மணிக்கு.

கிண்ணியா வாசகர் | 2026 பெப்ரவரி 3

பதிந்துவிட்டேன். படிவத்தில் "எந்தத் தரப்பு" என்று கேட்கிறது, என்ன போட?

உப்புவெளி | 2026 பெப்ரவரி 3

இன்னும் எதிலும் சேரவில்லை என்றால் எதையும் தெரிவு செய்யாதீர்கள். முதலில் பதிவகக் குழுவின் திறந்த அமர்வைக் கேளுங்கள். அதில் யார் யார் எத்தனை பெயரின் சார்பில் பேசுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள், இங்கேயே எண்ணுவோம்.